ஆஸ்பர்ஜில்லஸ் ஐசிடி கேசட்: அரை மணி நேரத்தில் வரும் பதிலை எவ்வளவு நம்பலாம்?

காசநோய் மருந்தை முழுக் கோர்ஸும் முடித்தாயிற்று, சளியில் கிருமியும் இல்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்கு மேலாக இருமல், எடை இறக்கம், அவ்வப்போது சளியோடு ரத்தம். இப்படி வருகிறவரைத் திரும்பவும் காசநோய் மருந்திலேயே போட்டுவிடுவது வேதனையான விஷயம். பழைய நோய் நுரையீரலில் விட்டுப்போன குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்திருக்கலாம். சளி கல்ச்சரில் அது பல சமயம் சிக்காது. ரத்தத்தில் அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஐஜிஜி ஆன்டிபாடியைப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்காக பிரான்சின் எல்டிபயோ நிறுவனம் தயாரிக்கும் ஐசிடி கேசட்டுக்கு (கோடு காட்டிப் பதில் சொல்லும் சிறிய டெஸ்ட் கிட்) மெஷின் வேண்டாம். 15 மைக்ரோலிட்டர் சீரம் விட்டு, மேலே நாலு சொட்டு பஃபர் திரவம் விட வேண்டும். 20 முதல் 30 நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். நீலக் கோடு கன்ட்ரோல். அது வரவில்லை என்றால் அந்தக் கேசட் செல்லாது. கூடவே கறுப்புக் கோடு வந்தால் பாசிட்டிவ், எவ்வளவு மங்கலாக இருந்தாலும். தகராறு வருவது இந்த மங்கல் கோட்டில்தான். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. மதியம் வைத்துவிட்டுப்போன கேசட்டைச் சாயங்காலம் எடுத்துப் படிக்கவே கூடாது.

2019-இல் வெளியான மான்செஸ்டர் ஆய்வில், நோய் உள்ளவர்களில் 91.6 சதவீதம் பேரை இது பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 98 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டியது. இந்த எண்களை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே ஆஸ்பர்ஜில்லஸில் ஃபியூமிகேட்டஸ் இனம் மட்டுமில்லை, ஃபிளேவஸ் இனமும் நிறைய. ஃபியூமிகேட்டஸை வைத்துச் செய்த கிட்டில் மற்ற இனங்கள் நழுவிவிடலாம். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு ஆன்டிபாடியே குறைவாக ஊறலாம். அதனால் சி.டி. ஸ்கேனில் குழியும் பூஞ்சை உருண்டையும் தெளிவாகத் தெரியும்போது, நெகட்டிவ் கேசட்டை நம்பி நோயில்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஸ்கேனில் எதுவுமே இல்லாதவருக்குப் பாசிட்டிவ் வந்தால், அதை மட்டும் வைத்து மாதக்கணக்கில் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்குவதும் தவறு.

கேசட்டில் எண் கிடையாது; இதன் பெரிய குறை அதுதான். சிகிச்சையில் ஐஜிஜி இறங்குகிறதா என்று பார்க்க இம்யூனோகேப் போன்ற மெஷின் டெஸ்ட் வேண்டும். அதில் 40 என்ற எல்லை இங்கிலாந்தில் பழக்கம். சண்டிகர் ஆய்வாளர்கள் நம் நோயாளிகளுக்கு 27 என்றார்கள். 32 வந்த ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தால், எந்த எல்லையை வைத்து அப்படிப் போட்டார்கள் என்று லேபில் கேளுங்கள். பிளாட்டேலியா என்ற இன்னொரு கிட்டின் அலகே வேறு, அங்கே 10-க்கு மேல் பாசிட்டிவ். ஒரு கிட்டின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. தொடக்கத்தில் எந்த லேபில், எந்த முறையில் எடுத்தீர்களோ, கடைசிவரை அங்கேயே எடுங்கள்.

பணம் கட்டும் முன் ரசீதில் 'ஐஜிஜி' என்றிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். 'ஆஸ்பர்ஜில்லஸ் ஆன்டிபாடி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், ஆஸ்துமாக்காரர்களுக்கு அலர்ஜிக்காகப் பார்க்கும் ஐஜிஇ என்ற வேறு ஆன்டிபாடியை எடுத்துவிடக்கூடும்.