தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடித் தருகிறோம் என்று 42,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். யாரும் சிக்காதீர்கள்!

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், ஃபிஜி என்று ஒப்பந்தக் கூலிகளாகப் போன முன்னோரின் பதிவுகளைத் தேடித் தருவதாக இணையத்தில் இப்போது நிறைய பேர் விளம்பரம் செய்கிறார்கள். அதில் ஒரு கூட்டம் எங்கள் பெரியப்பாவிடம் 42,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போலிக் காகிதங்களைக் கொடுத்திருக்கிறது. பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் விடுவோம் என்றும் மிரட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்யும் முறை எல்லோருக்கும் தெரிய வேண்டும். நீங்களே எப்படித் தேடுவது என்பதையும் கடைசியில் எழுதப் பார்க்கிறேன்.

பெரியப்பாவின் தாத்தாவுக்கு ஓர் அண்ணன். ஊர் போளூர் பக்கம். 1880களின் கடைசியில் மதராசில் கப்பலேறி நேட்டாலுக்குப் போனவர் திரும்பவே இல்லை. அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், போன நாடு, இந்த நான்கும் குடும்பத்தில் தெரியும். நிஜமாகத் தேடத் தெரிந்தவனுக்கு இதுவே தாராளம்.

விளம்பரத்தைப் பார்த்துப் பெரியப்பா இந்த நான்கையும் வாட்ஸாப்பில் அனுப்பினார். அன்று சாயங்காலமே போன் வந்தது. "ஐயா, உங்க தாத்தாவோட அண்ணன் கிடைச்சிட்டாருங்கய்யா. நம்பரோட இருக்காரு." அவர் பெயர், அப்பா பெயர், வயது 21, ஜில்லா வட ஆற்காடு, தாணா (காவல் நிலைய எல்லை) போளூர், கிராமம், கப்பலின் பெயர், டர்பன் துறைமுகத்தில் இறங்கிய தேதி, குடியேற்ற எண் (இறங்கிய ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண்) எல்லாவற்றையும் ஒருவன் படித்துக் காட்டினான். பெரியப்பா மறுபடி ஒரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நூறு வருஷத்துக்கு மேல் வீட்டில் பேச்சாக மட்டுமே இருந்த மனிதருக்கு ஓர் எண்ணும் ஒரு தேதியும் கிடைத்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அந்த ஒரு போனில்தான் காரியத்தை முடித்தார்கள்.

ஏனென்றால் அன்று அவன் படித்த அத்தனையும் உண்மை. நான் சரிபார்த்துவிட்டேன். உண்மையைத்தான் தூண்டிலில் மாட்டுகிறார்கள், அதுவும் காசு கொடுக்காமல் எடுத்த உண்மையை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராசிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911இல் ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புவது நின்றது வரைக்கும் நேட்டாலில் இறங்கிய 1,52,184 பேரின் கப்பல் பட்டியலும் கணினியில் ஏற்றப்பட்டிருக்கிறது. டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அதை இலவசமாகவே கொடுக்கிறது. யாரும் பார்க்கலாம். கிராமத்தின் பெயரை அந்தக் காலத்து எழுத்தர் தப்பாக எழுதியிருந்தார். அதே தப்போடு, நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனது உட்பட, அப்படியே வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான். எங்கிருந்து எடுத்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தச் சாயங்காலமே 12,500 முன்பணம் யுபிஐயில் போனது. "ஒரிஜினல் எமிக்ரேஷன் பாஸ், போட்டோ, மரணப் பதிவு, ஏழு தலைமுறை வம்சாவளி, எல்லாம் நோட்டரி முத்திரையோட" என்று சொல்லி மீதி 30,000 வாங்கினார்கள். ஆக மொத்தம் 42,500. பென்ஷனில் வாழ்கிற மனிதரின் காசு.

வந்து சேர்ந்த கோப்பில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இதே மாதிரி உங்களுக்கும் வந்திருந்தால் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் அந்த "ஒரிஜினல் பாஸ்", அதாவது கப்பலேறுபவருக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு. பழுப்பேறிய தாள், ஆங்கில அச்சுப் படிவம், கையொப்பம், பார்த்தால் அசல் மாதிரியே இருக்கிறது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் தலைப்பில் ஒரு சொல்லை அழித்த சாம்பல் தடம் தெரிகிறது. அதற்குக் கீழே முகவரியை அழிக்க மறந்துவிட்டார்கள்: கார்டன் ரீச், கல்கத்தா. அது ஃபிஜி அரசுக்காகக் கல்கத்தாவிலிருந்து ஆள் அனுப்பிய ஏஜென்சியின் படிவம். ஃபிஜி பாஸ்களின் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, "ஃபிஜி" என்பதைத் துடைத்து, எங்கள் ஆளின் பெயரைக் கணினி எழுத்தில் ஏற்றியிருக்கிறார்கள். போளூர்க்காரர் மதராசில் ஏறி நேட்டாலுக்குப் போனார். அவருக்குக் கல்கத்தா பாஸ் எதற்கு?

அதே பாஸில் மாவட்டம் "திருவண்ணாமலை" என்று இருக்கிறது. அந்த மாவட்டம் பிறந்ததே 1989இல். போனில் வட ஆற்காடு என்று சரியாகப் படித்தவனேதான் போலியைச் செய்யும்போது இன்றைய முகவரியைப் போட்டிருக்கிறான்.

அடுத்தது போட்டோ. தலைப்பாகையோடு ஓர் இளைஞர். பெரியப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டக் கொடுத்துவிட்டார். நேட்டால் கப்பல் பட்டியல்களில் போட்டோ கிடையாது. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடல் அடையாளம், வேலைக்கு எடுத்த முதலாளி, இவ்வளவுதான். குடியேறியவர்களைப் போட்டோ எடுத்துப் பதிவோடு வைத்தது மொரிஷியஸில். அந்தப் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. யாரோ ஒரு குடும்பத்தின் முன்னோரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட வைத்திருக்கிறார்கள். 42,500 ரூபாயைவிட இதுதான் எனக்கு வயிறெரிகிறது. அந்தப் படத்துக்குப் பெரியப்பா மாலை போடத் தயாராக இருந்தார்.

மூன்றாவது, "1924 மரணப் பதிவின் ஸ்கேன்". மேலே குவாசூலு-நேட்டால் மாகாணம் என்று அச்சு. அந்தப் பெயரே 1994இல் வந்தது. அதற்கு முன்பு வெறும் நேட்டால். இன்று எடுக்கும் நகலில் புதுப் பெயர் இருக்கலாம், 1924இல் எழுதிய தாளில் எப்படி இருக்கும்?

வம்சாவளியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கப்பல் பட்டியலில் அப்பா பெயருக்கு மேல் ஒரு தலைமுறையும் கிடையாது. அதற்கு மேலே போட்டிருந்த ஐந்து பேரும் கற்பனை. நோட்டரி முத்திரை மட்டும் பெரிதாக இருந்தது. நோட்டரி நகலைச் சான்றளிக்கலாம், நேட்டாலில் நடந்ததற்கு அவர் எப்படிச் சாட்சி ஆவார்?

இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகு நடந்த அலைக்கழிப்பு தனி. முதலில் "எங்க ரிசர்ச் ஹெட் கூப்பிடுவாருங்கய்யா". யாரும் கூப்பிடவில்லை. பிறகு "டர்பன்ல லீவு சீசன்". பிறகு ஒரு பெண் பேசினார்: "நூத்தி முப்பது வருஷத்துக்கு முந்தின விஷயம் சார், கொஞ்சம் முன்னப்பின்னதான் இருக்கும்." மாவட்டம் பிறக்க நூறு வருஷம் இருக்கும்போதே அதன் பெயரை எழுதுவது முன்னப்பின்னவா? சரி, எந்தக் காப்பகம், எந்தக் கோப்பு எண் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். "டேட்டா பாதுகாப்புச் சட்டப்படி சொல்ல முடியாது" என்று பதில் வந்தது. பொதுக் காப்பகத்தின் கோப்பு எண்ணில் ரகசியம் எதுவும் இல்லை. கோப்பு எண் கொடுக்காத எந்த நகலையும் ஆவணமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசியில், இன்னும் 8,000 கட்டினால் "திருத்திய பாஸ்" தருவதாகச் சொன்னார்கள். 42,500ஐத் திருப்பிக் கேட்டதும் "சேவைக் கட்டணம் திரும்பாது, விதிமுறை படிங்க" என்று ஒரு வரி. அதோடு பெரியப்பா எண்ணையும் என் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் உறவினருக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) எடுக்க இந்தப் பாஸ் உதவும் என்றும் ஆசை காட்டினார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். போலிப் பாஸைத் தூதரகத்தில் கொடுத்தால் மாட்டிக்கொள்வது விண்ணப்பித்தவர்தான், செய்து கொடுத்தவன் இல்லை.

இனி, நீங்களே எப்படித் தேடுவது. விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கப்பல் பட்டியலில் தேடும்போது நம் எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். முனுசாமி மூன்சாமி ஆகியிருப்பார், ஆறுமுகம் ஆர்முகம் ஆகியிருப்பார். பிற்கால நேட்டால் பதிவுகளில் கவுண்டர் கோவெண்டர் என்றும், முதலியார் மூட்லி என்றும், படையாச்சி படயாச்சி என்றும் குடும்பப் பெயராகிவிட்டன. பெயரில் கிடைக்காவிட்டால் தாணாவையும் அப்பா பெயரையும் வைத்துத் தேடுங்கள். ராமசாமி என்ற பெயரில் பட்டியலில் எக்கச்சக்கமான ஆட்கள். பெயர், அப்பா பெயர், வயது, தாணா நான்கும் பொருந்தாமல் "இவர்தான்" என்று முடிவு கட்டாதீர்கள். பெயர் ஒன்றை வைத்தே தலையில் கட்டிவிடுவார்கள்.

குடியேற்ற எண் கிடைத்ததும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த பிறகு கரும்புத் தோட்டத்தை விட்டு ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம், காய்கறித் தோட்டம் என்று ஆள் எங்கு போனாலும், கல்யாணம், வரி, சொத்து என்று அரசு எழுதிய காகிதங்களில் அந்த எண் பெரும்பாலும் கூடவே வரும். அங்கே பிறந்த பிள்ளைகளையும் அப்பாவின் எண்ணைச் சொல்லித்தான் அடையாளம் காட்டியிருப்பார்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிரித்துக் காட்டுவதும் அந்த எண்தான்.

இறந்தபோது கொஞ்சமாவது சொத்து இருந்தவர் என்றால் எஸ்டேட் கோப்பு (இறந்தவரின் சொத்து பற்றிய அரசுக் கோப்பு) இருக்கலாம். அதிலுள்ள மரண அறிவிப்பில் பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் வரும். இதைவிட உபயோகமான ஒரே தாள் வேறு இல்லை. அங்கே வாழும் வாரிசுகளைக் கண்டுபிடிக்க இதுதான் வழி. நேட்டாலின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் எஸ்டேட் கோப்புகள் 1846 முதல் 1950 வரை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இருக்கின்றன. கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். தென்னாப்பிரிக்கத் தேசியக் காப்பகத்தின் அட்டவணையிலும் பெயரைப் போட்டுத் தேடலாம். அதில் தாளின் படம் வராது, கோப்பு எண் வரும். அந்த எண்ணைக் கொடுத்து அங்குள்ள ஓர் ஆய்வாளரைப் படம் எடுத்துத் தரச் சொல்லலாம். அப்படிக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. ஒரு கோப்புக்கு இவ்வளவு என்று பேசி, கோப்பின் அட்டையையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு அவசரமாக இவ்வளவுதான்: எண்ணையும் கப்பலையும் சொன்னான் என்பதற்காகக் காசு அனுப்பாதீர்கள், அது இலவசப் பட்டியல். கோப்பு எண் தராதவனுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நேட்டால் ஆளுக்கு வந்திறங்கிய நாள் போட்டோ தருகிறேன் என்றால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். டிஎன்ஏ சோதனையில் கிராமத்தையே காட்டுகிறோம் என்பதையும் நம்பாதீர்கள், சோதனையில் தூரத்து உறவு தெரியலாம், கிராமம் தெரியாது. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், நேரம் போகப் போகப் பணம் வேறு கணக்குக்கு மாறிவிடும். வாட்ஸாப் உரையாடலையும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும் அழிக்காமல் வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. "வாரிசு சரிபார்ப்பு" என்று சொல்லி எங்கள் பெரியப்பாவிடம் ஆதார் நகலும் வாங்கியிருக்கிறார்கள். நீங்களும் கொடுத்திருந்தால் இன்றைக்கே ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள்.