பழைய மோட்டார்ஹோம் பாத்ரூமைக் கழற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

டெட்ராய்ட் பக்கம் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) வாங்கிச் சீரமைக்கிறவர்கள் நம்மவர்களிலும் சிலர் இருக்கிறீர்கள், வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பாத்ரூமை மட்டும் கழற்றித் தரச் சொல்லி எங்கள் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். முழுசாக வர வேண்டிய பாத்ரூமின் ஃபைபர்கிளாஸ் கூட்டை ரம்பத்தால் அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பேசிய தொகைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பில்லையும் நீட்டினார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது என்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே வேலையை இதே மாதிரி பேசி எடுத்துக்கொள்கிற கடைகள் வேறு ஊர்களிலும் இருக்கத்தான் செய்யும்.

வண்டி 1975 ஜி.எம்.சி. மோட்டார்ஹோம், 26 அடி நீளம். ஜெனரல் மோட்டார்ஸ் இதை 1973 முதல் 1978 வரை மட்டுமே தயாரித்தது, மொத்தமே 13,000க்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் இங்கே பக்கத்திலிருக்கும் பான்டியாக்கில் தயாரான வண்டி என்பதால் எங்களுக்குத் தனிப் பிரியம். ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ காரின் 455 கன அங்குல எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் இதில் இருக்கின்றன. எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு (டிரைவ் ஷாஃப்ட்) கிடையாது, அதனால் தரை மிகவும் தாழ்வு, உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். வண்டியின் உடம்பு விலா எலும்பு மாதிரி வளைந்த அலுமினியச் சட்டங்களால் ஆனது, அதன்மேல் அலுமினியமும் ஃபைபர்கிளாஸும் ஒட்டிய வெளித்தோல், உட்பக்கம் பாலியூரித்தேன் நுரையை ஸ்ப்ரே செய்திருப்பார்கள். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சேதம் எங்கே விழுந்தது என்பது அப்போதுதான் புரியும்.

எங்கள் வண்டியில் பாத்ரூம் ஃபைபர்கிளாஸில் வார்த்த கூடு. ஷவர் தரை, சுவர், சோப்பு வைக்கும் குழி எல்லாம் ஒன்றோடு ஒன்றாக வார்க்கப்பட்டவை. லேசாக மஞ்சள் தட்டியிருந்ததே தவிர எங்கேயும் விரிசல் இல்லை. பிரச்சினை அதற்கு அடியில். ஷவர் வடிகாலைச் சுற்றிப் பல வருஷமாகக் கசிந்த தண்ணீர் பிளைவுட் தரையை ஊறவைத்துவிட்டது, வடிகால் பக்கத்தில் காலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. தரையை மாற்ற வேண்டுமென்றால் கூட்டை எடுத்தே ஆக வேண்டும். எடுத்து, தரை போட்டு, அதே கூட்டைத் திரும்ப வைப்பதுதான் திட்டம். புதிதாக வாங்கலாமே என்று கேட்காதீர்கள். தொழிற்சாலை மூடி இத்தனை வருஷத்துக்குப் பிறகு எஞ்சினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது, பாத்ரூம் கூடு வேண்டுமென்றால் இன்னொரு வண்டியைப் பிரிக்கிறவர் யாராவது அகப்பட வேண்டும்.

கடைக்காரரிடம் நான் முதலில் கேட்டதே, "கதவு வழியாக இது வராதே, எந்த வழியாக எடுப்பீர்கள்?" என்றுதான். யோசிக்கவே இல்லை. "பின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தத் திறப்பு வழியாகச் சாய்த்து இறக்குவோம், இந்த மாடலில் முன்பே செய்திருக்கிறோம்" என்றார். நம்பும்படியான பதில். அதையே எழுத்தில் கேட்டேன், ஈமெயிலில் வந்தது: கூட்டை முழுசாக எடுப்பது, குழாய்களின் வாயை அடைப்பது, ஒயர்களுக்குச் சீட்டு ஒட்டுவது, கழற்றிய எல்லாவற்றையும் எங்களிடம் ஒப்படைப்பது, மொத்தம் 1,400 டாலர். பாதியை அட்வான்ஸாகக் கார்டில் கட்டினோம். வண்டியை விடும்போது பாத்ரூமின் ஒவ்வொரு மூலையையும் நானும் மனைவியும் போட்டோ எடுத்தோம். கழிவுத் தொட்டியைக் காலி செய்து கழுவித்தான் கொடுத்தோம்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. ஃபோன் செய்தால் ஆள் லீவு, அப்புறம் மழை, அப்புறம் கருவி வரவில்லை. போட்டோ அனுப்பச் சொன்னால் சாயங்காலம் அனுப்புகிறேன் என்பார், வராது. நேரில் வரட்டுமா என்றால் இன்சூரன்ஸ் காரணமாக வாடிக்கையாளரை உள்ளே விட முடியாது என்பார். பழைய வண்டி வேலையில் தாமதம் சகஜம், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆனால் வேலை நடக்கிறது என்கிறவர் ஒரு போட்டோகூட அனுப்ப மறுத்தால் அன்றைக்கே போய் நில்லுங்கள், வாசலில் நின்றாவது வண்டியைப் பார்க்கக் கேளுங்கள்.

முடிந்துவிட்டது என்று ஒரு நாள் தகவல் வந்தது. போனோம். வண்டிக்குள் ஏறியதுமே தொண்டை கமறியது. சீட், ஹீட்டர் துவாரம், டாஷ்போர்டு என்று எல்லாவற்றின் மேலும் வெள்ளை வெளேரென்று ஃபைபர்கிளாஸ் தூசி. ஒரு துணிகூடப் போர்த்தாமல் அறுத்திருக்கிறார்கள். பாத்ரூம் இருந்த இடம் காலி, கழிவுக்குழாயின் வாய் திறந்தபடி, நாற்றம் உள்ளே வந்துகொண்டிருந்தது. கூடு எங்கே என்று கேட்டால் பின்பக்கம் கையைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தால் பெரிய குப்பைத் தொட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடந்தது. மேலே கிடந்த துண்டை எடுத்தேன், சோப்புக் குழியின் நடுவே ரம்பம் கோணல்மாணலாகப் போயிருந்தது, வெட்டு ஓரம் முழுக்கக் கண்ணாடி இழை சிலிர்த்துக்கொண்டு நின்றது. முன்னும் பின்னும் ஓடுகிற ரம்பத்தைக் கையில் பிடித்து, பின்னால் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல் இழுத்த வெட்டு அது. டாய்லெட், குழாய், மருந்து அலமாரி எதையும் காணோம், தொட்டியிலும் இல்லை, கடையிலும் இல்லை.

"ஏற்கெனவே உடைந்துதான் இருந்தது, அதனால் வேறு வழியில்லை" என்றார் கடைக்காரர். போட்டோக்களைக் காட்டினேன். உடனே பேச்சு மாறியது, பின் கண்ணாடி வழியாக முயற்சி செய்தோம், வரவில்லை என்றார். நேராகப் போய் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். ரப்பர் பட்டையின் இடுக்கில் வருஷக்கணக்கான அழுக்கு அசையாமல் அப்படியே படிந்திருந்தது, பழைய சீலன்ட்டில் ஒரு கீறல் இல்லை. அந்தக் கண்ணாடியை யாரும் தொடவே இல்லை. அதையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

கூடு போனதைவிடப் பெரிய அடி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சுவரைத் துடைத்துப் பார்த்தபோது நுரைக்குள் ரம்பம் இறங்கியிருந்தது. அந்த நுரையில்தான் உள்விளக்கு, காற்றாடி, தண்ணீர் பம்ப் சுவிட்ச் ஒயர்கள் புதைந்திருந்தன, எல்லாம் அறுந்திருந்தன, சீட்டு என்று ஒன்றுகூட ஒட்டவில்லை. அதற்கும் உள்ளே அலுமினிய விலா ஒன்றில் வெட்டு. இந்த வண்டிகளின் உடம்பே அந்த விலாக்களை நம்பித்தான் நிற்கிறது. அலுமினிய வெல்டிங் தெரிந்தவர் பார்த்துவிட்டு, ஒயரையும் நுரையையும் அகற்றாமல் அங்கே நெருப்பு வைக்கவே கூடாது என்றார். பாலியூரித்தேன் நுரை தீப்பிடித்தால் மளமளவென்று எரியும், அந்தப் புகை விஷம், சயனைடு வாயு வரும். கிரைண்டரின் ஒரு பொறி போதும். வெட்டின இடத்தில் தட்டு வைத்து ரிவெட் அடிப்பதுதான் இப்போது யோசனை. கேஸ் குழாய் மட்டும் தப்பித்தது, பிரஷர் டெஸ்ட் செய்து பார்த்துவிட்டோம்.

பில் 2,560 டாலர். குப்பை அகற்றிய செலவு, கழிவு சுத்தம் செய்த செலவு, வண்டியை நிறுத்தி வைத்ததற்கு நாள் வாடகை. தாமதம் செய்தது அவர்கள், வாடகை எங்களுக்கு. கட்டினால்தான் சாவி என்றார்கள். மிச்சத்தையும் கார்டிலேயே கட்டி, "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று பில்லின் மேல் எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டு வண்டியை எடுத்து வந்தோம். இப்படி மாட்டிக்கொண்டால் பணமாகக் கொடுக்காதீர்கள். கார்டு என்றால் கார்டு கம்பெனியிடம் ஆட்சேபம் எழுப்ப வழி இருக்கிறது, ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

மிச்சிகனில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இங்கே வாகனப் பழுதுபார்ப்புக்கென்று 1974லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. 50 டாலரும் அதற்கு மேலும் ஆகும் வேலைக்கு எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும். அந்தத் தொகைக்கு மேல் 10 சதவீதம் அல்லது 50 டாலர், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால் உங்கள் அனுமதி வேண்டும். மாற்றிய பழைய பாகங்களை உங்களிடம் திருப்பித் தர வேண்டும். புகாரை மாநிலச் செயலாளர் (Secretary of State) அலுவலகத்தில் கொடுக்கலாம். எங்கள் கடைக்காரர், "இது வண்டி வேலை இல்லை, வீட்டு வேலை மாதிரி, அந்தச் சட்டம் பொருந்தாது" என்கிறார். பொருந்துகிறதா என்று அந்த அலுவலகமே முடிவு செய்யட்டும், புகார் கொடுத்தாயிற்று. சின்ன வழக்குகளுக்கான கோர்ட்டில் 7,000 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, எதிர்த்தரப்பும் அங்கே வக்கீலைக் கூட்டி வர முடியாது. அதற்கு முன் பணத்தைக் கேட்டு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள், கையில் அத்தாட்சி இருக்கும்.

சரி, ஒழுங்காகச் செய்கிறவர் எப்படிச் செய்வார்? முதல் நாள் ரம்பத்தையே எடுக்க மாட்டார். வண்டிக்கு அடியில் படுத்து வடிகால் நட்டைக் கழற்றுவார், டாய்லெட்டைத் தூக்குவார், குழாய் வாய்களை அடைப்பார், பேட்டரி இணைப்பைக் கழற்றுவார், கேஸ் சிலிண்டரை மூடுவார். பிறகு ஓரப்பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து ஸ்க்ரூ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவார், அலமாரிக்குள்ளேகூட இருக்கும். எல்லாம் விட்ட பிறகு கூடு லேசாக ஆட வேண்டும், ஆடவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கி, நெம்பக் கூடாது. எந்தத் திறப்பிலும் வராது என்று அளந்து உறுதியானால் வெட்டலாம், அதிலும் ஒரு முறை இருக்கிறது. உங்களைக் கூப்பிட்டு, டேப் ஒட்டிக் கோடு போட்டு, தண்ணீர் நிற்காத உயரத்தில் ஒரே நேர் வெட்டு, அதுவும் மேலோட்டமாக அதிர்ந்து வெட்டும் சின்னக் கருவியால். அப்படி வெட்டினதைப் பின்பக்கம் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்து ஒட்டிவிடலாம், தேய்த்துப் பெயின்ட் அடித்தால் வெளியே தெரியாது.

அதனால் எஸ்டிமேட்டில் "உரிமையாளர் நேரில் பார்த்து எழுத்தில் சம்மதிக்காமல் வெட்டக் கூடாது" என்ற வரி இருக்கட்டும். நிறுத்த வாடகை எந்தத் தேதியிலிருந்து என்பதும் இருக்கட்டும். கூட்டை வெளியே எடுக்கிற அன்று நீங்களும் அங்கே இருப்பீர்கள் என்று முன்பே சொல்லுங்கள், இன்சூரன்ஸைக் காரணம் காட்டி மறுக்கிற கடை வேண்டாம். முன்பு இதே மாடலில் செய்ததாகச் சொன்னால் அந்த வண்டியின் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். எங்களிடம் ஈமெயில் இருந்தது, போட்டோ இருந்தது, அதனால்தான் இன்று வாதாட முடிகிறது. ஆனால் அவை கூட்டைக் காப்பாற்றவில்லை, அன்று நாங்கள் பக்கத்தில் நின்றிருந்தால்தான் அது தப்பித்திருக்கும்.

கோர்ட் தேதி இன்னும் வரவில்லை. வெட்டின துண்டுகளைத் தொட்டியிலிருந்து எடுத்து வந்து ஷெட்டில் வைத்திருக்கிறோம், சாட்சிக்கு வேண்டும், ஒட்டிப் பயனில்லை. மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா பக்கம் 26 அடி ஜி.எம்.சி.யைப் பிரிக்கிறவர் யாராவது தெரிந்தால் பாத்ரூம் கூட்டைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லி எனக்குத் தகவல் கொடுங்கள், நாங்களே வந்து கழற்றிக்கொள்கிறோம்.