இறக்கையா, விசிறியா? குமரியில் பறக்கும் காரைச் சோதிக்க எது தோது

பறக்கும் கார் பேச்சை எடுத்தாலே, நாகர்கோவிலில் என்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி மடக்கி விரிக்கும் இறக்கை கேட்கும். மற்றது ட்ரோனைப் போல நின்ற இடத்திலிருந்தே எழும்பும் எட்டு விசிறி கேட்கும். என் கேள்வி வேறு: யாருக்கும் அடிபடாமல் முதல் மாதிரியை எங்கே சோதிப்பது?

இறக்கைக் கட்சிக்குப் பெரிய சாட்சி ஸ்லோவாக்கியாவின் ஏர்கார். 2021 ஜூன் 28 அன்று நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்தது. இறங்கியதும் இறக்கையை மடக்கிச் சாலையில் ஓடியது. சிக்கனத்திலும் இறக்கைக்குத்தான் வெற்றி. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள எட்டு விசிறிகள் 300 கிலோவை அந்தரத்தில் நிறுத்த, என் கணக்கில் சுமார் 40 கிலோவாட் வேண்டும். அதே எடையை நல்ல இறக்கை சுமந்து போக அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். மோட்டார் நின்றாலும் சறுக்கியாவது இறங்கலாம்.

ஆனால் தரையோட்டம், ஓராள் உயரத் துள்ளல், பிறகு பறப்பு என எல்லாவற்றுக்கும் நீண்ட ரன்வே வேண்டும். நம் மாவட்டத்தில் விமான நிலையமே இல்லை. நான்குவழிச் சாலையைக் கேட்கலாம் என்றான் ஒரு தம்பி. கூடவே கூடாது.

விசிறி வண்டிக்குக் கோடையில் வற்றிய குளத்தடி போதும். தூசி கிளம்பும், முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர் தெளித்துவிட வேண்டும். வள்ளத்துக்காரர்கள் பயன்படுத்தும் நைலான் கயிற்றை வண்டியின் எடை மையத்துக்கு நேர் கீழே கட்டி, மறுமுனையைத் தரையில் புதைத்த வளையத்தில் மாட்டுவோம். மூலையில் கட்டினால் கயிறு விறைக்கும்போது வண்டியே கவிழும். வண்டியில் ஆள் உட்காரும் இடத்தில் மணல் மூட்டை. மிதக்கும்போதே ஒரு மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். மிச்சம் ஏழில் நிலைத்து நிற்காத வண்டியில் யாரையும் ஏற்ற நான் சம்மதிக்கமாட்டேன். பாராசூட்டை நம்பவும் முடியாது. 2015இல் ஏரோமொபில் என்ற இன்னொரு பறக்கும் காரின் விமானியை அது காப்பாற்றியது, விரிவதற்கு உயரம் இருந்ததால். ஐந்து மீட்டரில் அது விரிவதற்குள் வண்டி தரையில் கிடக்கும்.

கடற்கரை வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு சின்ன மாதிரியைப் பறக்கவிட்டுத் திரும்பி, மோட்டாரைப் பிரித்தோம். காந்தத்தின் விளிம்பெல்லாம் கறுப்பு மணல் மீசை போல ஒட்டியிருந்தது. இல்மனைட் என்ற, இரும்பு கலந்த கனிமம் உள்ள மண். ஊதினாலும் போகவில்லை, டேப் ஒட்டி ஒட்டித்தான் எடுத்தோம்.

ஆளில்லாத மாதிரியானாலும் எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று காட்டும் 2021 ட்ரோன் விதிகளின் வரைபடத்தைப் பார்த்தே இடம் தேர வேண்டும். இஸ்ரோ மையம் இருக்கும் மகேந்திரகிரியும் அணுமின் நிலையம் இருக்கும் கூடங்குளமும் பக்கத்து மாவட்டம்தான்.

ஆகவே என் ஓட்டு முதலில் விசிறிக்கு, விடியற்காலையில், கயிற்றோடு. இறக்கைக் கட்சியும் சும்மா இருக்க வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் காசில்லாமல் வீசுகிறது. ஒரு மீட்டர் இறக்கைத் துண்டு, ஒரு சுருள்வில் தராசு, காற்றின் வேகம் காட்டும் கருவி மூன்றையும் முப்பந்தலுக்குக் கொண்டுபோய், எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்குகிறது என்று இந்த ஆடியிலேயே குறித்து வரட்டும்.