மாலா இன் கியூபா: பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்

தவிலையும் நாதஸ்வரத்தையும் கணினியில் ஏற்றி றீமிக்ஸ் செய்கிற யாழ்ப்பாணத்துப் பெடியள் காசு கொடுத்து வாங்கவேண்டிய இசைத்தொகுப்பு ஒன்று இருக்கிறது. பெயர் 'மாலா இன் கியூபா'. 2012இல் பிறவுன்ஸ்வூட் நிறுவனம் வெளியிட்டது. வந்து கனகாலம்தான், ஆனாலும் எங்கள் ஊரில் இதைப் பற்றி ஒருவரும் கதைத்து நான் கேட்டதில்லை.

மாலா தென் லண்டன்காரர். இயற்பெயர் மார்க் லோறன்ஸ். அவர் செய்வது டப்ஸ்டெப், கனத்த பாஸை (அடி ஒலியை) வைத்துக் கட்டுகிற மின்னிசை. டப்ஸ்டெப் என்றதும் பலருக்கு நினைவு வருவது இரும்பை வாளால் அறுக்கிற மாதிரியான சத்தம். இவருடைய இசை அந்த வகையே அல்ல. தென் லண்டனின் குரொய்டன் எங்களுக்குச் சித்தப்பாவும் மாமியும் இருக்கிற இடம். டப்ஸ்டெப் வளர்ந்ததும் அங்கேதான், பிக் அப்பிள் என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றி. மாலாவும் அவருடைய சக டப்ஸ்டெப் கலைஞர்களான கோக்கியும் லோஃபாவும் 2004இல் டிஎம்இஸட் என்ற லேபிளை, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் அதே பெயரில், பிறிக்ஸ்ரனில் ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் இருந்த மாஸ் கிளப்பில் இரவு நிகழ்ச்சி ஆரம்பமானது. முதலாம் ஆண்டு நிறைவுக்குத் திரண்ட சனம் கீழ்மண்டபத்தில் கொள்ளாமல், நிகழ்ச்சியை மேலே இருந்த பெரிய மண்டபத்துக்கு மாற்றவேண்டி வந்தது. 2006இல் மாலா தனியாக டீப் மெடி லேபிளைத் தொடங்கினார். யப்பானின் கொத்-ட்ராட், நியூசிலாந்தின் ட்ரூத், துருக்கியின் கான்ஸ் என்று பல நாட்டுக்காரரின் இசையை அதில் வெளியிட்டார். தன் பெயரை மட்டும் வளர்க்காமல் மற்றவர்களுக்கும் இடம் கொடுத்த மனிதர். அந்தக் குணம் இந்தத் தொகுப்பிலும் தெரிகிறது.

2011இல் பிறவுன்ஸ்வூட் நிறுவனத்தை நடத்துகிற ஜில்ஸ் பீற்றர்சன் இவரை ஹவானாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே பியானோக் கலைஞர் ரொபேர்ட்டோ ஃபொன்சேகாவின் குழு வாசித்ததை ஒலிப்பதிவு செய்து, லண்டனுக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் தன் வேலையைச் செய்தார். செய்தார் என்பதைவிட, எதைச் செய்யாமல் விட்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

டப்ஸ்டெப்பின் வேகம் நிமிடத்துக்கு 140 தாள அடி. ஆனால் இவருடைய வகையில் ஸ்நேர் என்கிற சுள்ளென்ற டிரம் ஒலி நாலு அடியில் மூன்றாவதில் மட்டும் விழுவதால் காதுக்கு 70 மாதிரித்தான் கேட்கும். நடுவில் நிறைய வெளி கிடைக்கும். அந்த வெளியைக் கியூபாக்காரரின் தாளவாத்தியங்களுக்கு விட்டுவிட்டு, இவர் தன் பாஸை அதற்குக் கீழே, வேறு யாரும் நடமாடாத இடத்தில் வைக்கிறார். ஒன்றை ஒன்று மிதிப்பதில்லை.

எங்கள் றீமிக்ஸ்களில் நடப்பது என்ன? தவிலின் தொப்பிப் பக்கம் கம்பால் அடிக்கிற கனத்த ஒலி. அதே இடத்தில் ஒரு கிக் டிரம்மை (காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்மின் ஒலியை) கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். இரண்டும் மோதிக் கலங்கிப்போக, மற்றப் பக்கமான வலந்தலையில் விரல் ஓடுவது மட்டும் மேலே கிலுகிலுவென்று மிஞ்சும். அளவெட்டி தெட்சணாமூர்த்தி வாசித்த மண்ணில் தவிலை இப்படிப் புதைப்பதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது.

நான் சவுண்ட்ஸ் வேலை செய்கிறவன். கொக்குவிலில் ஒரு கலியாணம் முடிந்து, கதிரைகள் ஏற்றிப் போன பிறகு, பெட்டிகளைக் கழற்ற முன்னம் இதைப் போட்டுப் பார்த்தேன். 18 இஞ்சி பாஸ் பெட்டி இரண்டு. வழமையாகப் பெட்டி அடிபடாமல் இருக்க 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டித்தான் விடுவோம். அன்று சத்தத்தைக் குறைத்து, அந்த வெட்டை இறக்கிவிட்டேன். தொகுப்பில் உள்ள 'காயே எஃப்' என்ற உருப்படி ஓடும்போது மண்டபத்துக்குள் நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் பாஸ் நெஞ்சில் அமத்தியது, சில எட்டுத் தள்ளினால் காணாமல் போனது, சுவர் மூலையில் திரும்ப வந்து குவிந்தது. 50 ஹேர்ட்ஸ் அலை ஒன்று ஏறக்குறைய 7 மீற்றர் நீளம் என்பதால் இது நடக்கும். யன்னலின் அலுமினியச் சட்டம் கிறுகிறுத்தது. ஆனால் பியானோவின் ஒரு கட்டைகூட மங்கவில்லை. அதுதான் கலவையின் தரம்.

குறை உண்டு. நடுப்பகுதியில் சில உருப்படிகள் ஒரே மாதிரி வந்து போகின்றன. இரண்டைக் குறைத்திருந்தால் தொகுப்பு இன்னும் இறுகியிருக்கும். குரல் வருகிற இடங்கள்தான் உயிர். கடைசியாக வருகிற 'நோச்சே சுவேஞோஸ்' உருப்படியில் தனாய் சுவாரெஸ் பாடுவதற்காகவே முழுவதையும் வாங்கலாம். கலியாண வீட்டில் ஆட இது சரிவராது. ஆடவைக்கிற பாட்டுத் தேடுகிறவர்கள் இதை விட்டுவிடலாம்.

கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "ஒன்றுமில்லையே" என்று சொல்லவேண்டாம். அதில் பாஸ் வராது, பாதி இசை போய்விடும். பெரிய பெட்டி இல்லாவிட்டால் காதை மூடுகிற நல்ல ஹெட்போன் போதும். இசைத்தட்டாக எடுப்பித்தால் அனுப்புகிற செலவும் சுங்கமும் சேர்ந்து கையைக் கடிக்கும். லண்டனிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் டிஜிட்டலாக வாங்குங்கள், எம்பி3 வேண்டாம், ஒலியின் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக எடுங்கள். ஸ்டூடியோ வைத்திருக்கிற தம்பிமார், அடுத்த தவில் றீமிக்ஸைத் தொடங்க முன்னம் உங்கள் கிக்கை ஒருமுறை நிறுத்திவிட்டுத் தொப்பியை மட்டும் கேட்டுப் பாருங்கள்.