ரியாசி மலையா, பழைய பேட்டரியா?

உலோகவியல் படித்து முடித்ததும் எனக்கு இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று, துளையிட்டுப் பாறை மாதிரி எடுக்கும் கனிம ஆய்வு வேலை. இன்னொன்று, பழைய லித்தியம் பேட்டரிகளிலிருந்து உலோகம் பிரிக்கும் ஆலையில். ஆலைக்குத்தான் போனேன். லித்தியம், கோபால்ட், நிக்கல் மூன்றுக்கும் இந்தியா இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. நாடு முதலில் எதை வளர்க்க வேண்டும் என்று கேட்டாலும் அதே பக்கம்தான் நிற்பேன்.

சுரங்கத்தின் பலம் அளவு. 2023 பிப்ரவரியில், ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியம் வளம் இருக்கலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் விடுதியே கொண்டாடியது. ஆனால் அது முதற்கட்ட மதிப்பீடு. அந்த இடத்தில் தோண்டும் உரிமைக்கு ஏலம் விட்டபோது போதிய ஆட்கள் வராமல் 2024-ல் ஏலமே ரத்தானது. அங்கே லித்தியம் இருப்பது களிமண் வகைப் படிவில். அதிலிருந்து லித்தியம் எடுப்பது உலகத்திலேயே இன்னும் கைவந்த தொழில் இல்லை.

எனக்கு முடிவைத் தந்தது சுத்திகரிப்புதான். பேட்டரியில் மிச்சமுள்ள சார்ஜை இறக்கி, அரைத்து, செம்பையும் அலுமினியத்தையும் பிரித்தால் கறுப்புத் தூள் மிஞ்சும். நாங்கள் பிளாக் மாஸ் என்போம். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து, கரைப்பான்களைக் கொண்டு உலோகங்களை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். அமிலத்தன்மை கொஞ்சம் பிசகினாலும் கோபால்ட்டோடு நிக்கலும் சேர்ந்து வந்துவிடும். முதல் மாதம் என் கையிலேயே ஒரு பேட்ச் அப்படிப் போனது. இந்தத் தூளை அப்படியே வெளிநாட்டுக்கு விற்றால், கையிலிருந்த கோபால்ட்டை அனுப்பிவிட்டு அதையே பேட்டரியாக அதிக விலைக்குத் திரும்ப வாங்குகிறோம். சரி, நாளைக்கு ரியாசியில் தோண்டினாலும் என்ன? அந்தத் தாதுவையும் கரைத்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தக் கைப்பழக்கம் இன்றைக்கே பேட்டரிக் கழிவில் வளர்கிறது.

பேட்டரிக் கழிவு மட்டும் நாட்டுத் தேவைக்குப் போதாது, சுரங்கமும் வேண்டும்தான். அப்புறம், இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரிகளில் கோபால்ட்டும் நிக்கலும் கிடையாது, லாபம் குறைவு. அந்த ரகத்தை நான் அதிகம் கையாண்டதில்லை, அதனால் என் கணக்கை அதற்கு நீட்ட மாட்டேன். காந்தங்களுக்கான நியோடிமியம் தனிக் கதை. அதற்கு மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை மணலைத்தான் நம்ப வேண்டும்.

2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய முக்கியக் கனிமத் திட்டத்துக்கு அரசு ஒதுக்கியது 16,300 கோடி ரூபாய். மறுசுழற்சிக்கான ஊக்கத்தொகை 1,500 கோடி. இது போதாது என்பேன். ஆனாலும், அரைத்துக் கறுப்புத் தூளோடு நிறுத்துபவர்களுக்கு அதில் பங்கில்லை, கனிமத்தைப் பிரித்தெடுப்பவர்களுக்குத்தான் என்று வைத்திருக்கிறார்களே, அந்த நிபந்தனை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.