தேக்கு என்று சொல்லி எம்டிஎஃப் கடிகாரம்: 8,500 ரூபாய் போச்சு

கோவையில் சிஎன்சி மெஷினில் (கம்ப்யூட்டரில் போட்ட டிசைன்படி தானாகச் செதுக்கும் மெஷின்) மரம் செதுக்கித் தரும் கடைகளுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 8,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். கடைப் பெயர் போடவில்லை. வாசல் நிலை, பூஜை அறைக் கதவு எல்லாம் செதுக்குகிற கடை, அவ்வளவுதான். எதையெல்லாம் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவின் மணிவிழாவுக்கு ஒன்றரை அடி வட்டத்தில் தேக்குக் கடிகாரம் கேட்டிருந்தேன். ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள் புடைப்பாக வரவேண்டும். டிசைன் ஃபைல்கூட நானே வரைந்து கொண்டுபோனதுதான்.

அந்தக் கடைக்காரர் பேச்சு இருக்கிறதே! அவ்வளவு அகலத்துக்கு ஒரே பலகை கிடைக்காது என்று, மூன்று பட்டை ஒட்டிய பலகை ஒன்றை எடுத்து வந்தார். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்ததும் ரேகை பளிச்சென்று எழுந்தது. "மோந்து பாருங்க சார், நிலம்பூர் தேக்குங்க" என்றார். பின்னால் மெஷினில் ஒரு கஜலட்சுமி கதவு ஓடிக்கொண்டிருந்தது. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, பலகையின் முதுகில் என் பெயரை எழுதிக்கொண்டார். இதற்கு மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? "வெட்டிட்டா வேற யாருக்கும் ஆவாதுங்க, முழுசா குடுத்துருங்க" என்றார். அங்கேயே ஜிபேயில் 8,500 அனுப்பினேன்.

அப்புறம் ஆரம்பித்தது. மரம் செதுக்குற பிட் உடைஞ்சிருச்சுங்க. பிட்டைச் சுத்துற ஸ்பிண்டில் சர்வீஸுக்குப் போயிருக்குங்க. ஆபரேட்டர் ஊருக்குப் போயிட்டானுங்க. சாயங்காலம் நாலரை மணிக்குக் கூப்பிட்டால் ஒரு பையன் எடுத்து, ஓனர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார் என்கிறான்.

விழாவுக்கு முந்தின ராத்திரி, நான் இல்லாத நேரத்தில் அம்மா கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரித்தால் தேக்கு வாசனையே இல்லை, வார்னிஷ் நெடிதான். ஒட்டுக்கோடும் இல்லை, பென்சில் எழுத்தும் இல்லை. பின்பக்கம் ஆணி வைத்துச் சுரண்டினேன், பழுப்பு மாவாகக் கொட்டியது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை மேல் கலர் அடித்திருக்கிறார்கள்! எண்களின் மேல் விரலை ஓட்டினால் படிப்படியாக நெருடுகிறது. கடைசியாக மெல்லிய பிட்டில் ஓட்ட வேண்டிய ஃபினிஷிங்கையே விட்டுவிட்டார்கள்.

இதைவிடக் கொடுமை கடிகார மெஷின். முள் மாட்டுகிற அதன் தண்டு பலகையின் ஒரு இஞ்ச் கனத்துக்கு எட்டாது. பின்பக்கம் பள்ளம் வெட்டி, முன்னால் மெல்லிசாக விட்டு, நட்டு போட்டு முறுக்க வேண்டும். அந்த சிஎன்சிக்கு இது ஒரு வேலையே இல்லை. இவர்கள் நடுவில் பெரிய ஓட்டை போட்டு மெஷினைச் செருகி, சூடான பசையை ஊற்றியிருக்கிறார்கள். அது சாய்ந்து, நிமிட முள் ௪-ல் முட்டி நிற்கிறது.

கேட்டதற்கு, "இதுவும் தேக்கு மாதிரிதானுங்க, நீங்கதான் ஃபினிஷ் நல்லா வேணும்னீங்க" என்றார். 8,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன், "பார்க்கலாமுங்க" என்று வைத்துவிட்டார். இப்போது மெசேஜில் நீல டிக் மட்டும் வருகிறது.

சரி, சொல்கிறேன் என்றேனே. பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். பில்லில் மரத்தின் பெயரை எழுதி வாங்குங்கள், எனக்குத் தந்தது துண்டுச் சீட்டு. கலர் அடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மற்றதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது அந்த ஆளுக்கு வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கணும்.