1,800 ரூபாய் மாக் இன்டர்வியூ: கேள்விகள் எல்லாம் பழசு

ஆண்ட்ராய்டு டெவலப்பராக ஆறு வருஷம் ஆகிறது, வேலை மாறுவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஆன்லைனில் மாக் இன்டர்வியூ நடத்தும் ஒரு சேவையில் 1,800 ரூபாய் கட்டினேன். புக் செய்வது சுலபம், சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், அதில் குறை இல்லை.

கேள்வி கேட்டவரிடம்தான் பிரச்சினை. முதல் கேள்வியே ஏசிங்க்டாஸ்க், அதாவது திரை உறையாமல் ஆப்பின் வேலையைப் பின்னணியில் செய்ய ஆண்ட்ராய்டில் இருக்கும் பழைய வசதி. அதன் எந்த மெத்தட் (கோடின் ஒரு பகுதி) எந்த த்ரெட்டில் (இணையாக ஓடும் வேலை வரிசை) ஓடும் என்றார். வேலையைச் செய்யும் டூஇன்பேக்கிரவுண்ட் மட்டும் பின்னணியில், அதற்கு முன்னும் பின்னும் ஓடும் ப்ரீ, போஸ்ட் எல்லாம் திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டில் என்று சொல்லிவிட்டு, 2020-இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோதே கூகுள் இதை டெப்ரிகேட் செய்துவிட்டது (இனி பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டது), நாங்கள் இந்த வேலைக்குக் கோட்லின் மொழியின் கோரூட்டின்தான் எழுதுகிறோம் என்றேன். "அது வெளி லைப்ரரி, ஆண்ட்ராய்டில் இருப்பதைச் சொல்லுங்க" என்றார். ஏசிங்க்டாஸ்க்குக்குப் பதிலாக ஜாவாவின் கன்கரன்சி (பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தும்) வசதிகளையோ கோட்லினில் உள்ளதையோ பயன்படுத்துங்கள் என்று கூகுள் ஆவணமே சொல்கிறது, அந்தப் பக்கத்தைத் திறந்து ஸ்கிரீன் ஷேர் செய்கிறேன் என்றதற்கு, நேரம் இல்லை, அடுத்ததுக்குப் போவோம் என்றுவிட்டார்.

பழைய விஷயத்தைக் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டிருந்தால் அருமையான கேள்வி. போனைத் திருப்பினால் ஆக்டிவிட்டி (ஆப்பின் ஒரு திரை) புதிதாக உருவாகும், ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க் பழைய ஆக்டிவிட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் மெமரி லீக் (தேவையில்லாத நினைவகம் விடுபடாமல் போவது), சில சமயம் கிராஷ். இதை நான் சொந்தக் கையால் திருத்தியிருக்கிறேன், சொல்லவும் தயாராக இருந்தேன், அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

அப்புறம் ஆப் திரைகளை அமைக்கும் கூகுளின் புதிய வழியான ஜெட்பேக் கம்போஸ் பேச்சு வந்தது. "அது இன்னும் பீட்டாதானே, ப்ரொடக்‌ஷனில் யார் போடுவாங்க?" என்றார். பீட்டா முடிந்து நிலையான 1.0 பதிப்பு வந்தது 2021 ஜூலையில்! எங்கள் ஆப்பில் பாதித் திரைகள் கம்போஸில்தான் ஓடுகின்றன.

இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. டெக்னிக்கலுக்கு 10-க்கு 4, பக்கத்தில் "அடிப்படை பலவீனம்" என்ற குறிப்பு. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு எதிலுமே மனசு ஓடவில்லை. புதிதாகப் படித்து வெளியே வரும் பிள்ளை இதை நம்பி, தான் கற்றதே தப்பு என்று நினைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பேச்சு வேகத்தைக் குறைக்கச் சொன்னது மட்டும் உபயோகமாக இருந்தது.

ஜாவாவில் எழுதின பழைய ஆப்பைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கைகொடுக்கலாம். மற்றவர்கள், பணம் கட்டும் முன் கேள்வி கேட்கப்போகிறவர் கடைசியாக எந்த வருஷம் ஆப் எழுதினார் என்று கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் கட்டாதீர்கள். 5-க்கு 2 ஸ்டார்.